திருகோணமலை மாதிரி ஊரில் ஒரு எல்டரின் நாள்: ஆறரையிலிருந்து பத்தரை வரை

#1 மணற்கரை (இழையைத் தொடங்கியவர்)

மோர்மன் மிசனுக்கு, அதாவது சபையின் முழுநேரப் போதனை ஊழியத்துக்கு, பேர் கொடுக்கப்போகிற பிள்ளைகளும் தாய் தகப்பனும் கேட்பது ஒரே கேள்விதான்: "நாள் முழுக்க அங்க என்னதான் செய்வாங்க?" தெரிந்தவர்கள் இந்த இழையில் எழுதுங்கள். எங்கள் வெயில், எங்கள் றோட்டு, எங்கள் சாப்பாட்டோடு சேர்த்து எழுதினால் இங்கிருந்து போகிறவர்களுக்கும் உதவும், இப்படியான கடலோர ஊருக்கு வந்து இறங்குகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் அடிப்படை. வெளியில் "மோர்மன்" என்று சொன்னாலும் சபையின் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. முழுப் பெயரையே சொல்லும்படி 2018இல் தலைவர் நெல்சன் கேட்டுக்கொண்டார். மிசன் காலம் ஆண்களுக்கு (எல்டர்மார்) 24 மாதம், பெண்களுக்கு (சிஸ்டர்மார்) 18 மாதம். ஆண்கள் 18 வயதில் போகலாம் என்று 2012 ஒக்டோபரில் மாற்றினார்கள். பெண்களுக்கு அப்போது 21 இருந்தது 19 ஆகி, 2025 நவம்பரில் 18 ஆனது.

வழமையான நாள் இது. 6.30க்கு எழும்பி ஜெபம், அரை மணித்தியாலம் உடற்பயிற்சி, குளிப்பு. 7.30க்குக் காலைச் சாப்பாடு. 8 மணிக்குத் தனி வாசிப்பு, 9 மணிக்குத் துணையோடு (சோடியாய்ச் சேர்த்துவிட்ட மற்ற மிசனரி) சேர்ந்து வாசிப்பு. புது மொழி படிக்கிறவருக்கு மொழிக்கும் நேரம் உண்டு. 10 மணிக்கு வெளியே. இரவு 9க்குத் திரும்ப வேண்டும், பாடம் நடந்துகொண்டிருந்தால் 9.30. படுக்கை 10.30. உள்ளூர் வழக்கத்துக்கு ஏற்ப மிசன் தலைவர் (அந்தப் பகுதி மிசனரிமாருக்குப் பொறுப்பானவர்) இதை மாற்றலாம் என்று 2017இல் இடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு அந்த இடம் கட்டாயம் தேவை, காரணத்தைக் கீழே மற்றவர்கள் எழுதுவார்கள்.

என் கருத்து: மிசன் நல்லாய்ப் போகிறதா என்பது பத்து மணிக்கு முன்னமே தெரிந்துவிடும். இரவு 12 வரை கதைத்துக்கொண்டிருந்து, ஏழரைக்கு எழும்பி, வாசிப்பை இருபது நிமிடத்தில் முடித்தவர் வீட்டு வாசலில் நின்று என்ன சொல்வது என்று தெரியாமல் தடுமாறுவார்.

#2 ஆலடிச்சந்தி

மகனைப் பற்றி யோசிக்கிற ஒரு தாயாகக் கேட்கிறேன். எவ்வளவு செலவாகும்? போகமுதல் என்னென்ன ஆயத்தம்?

#3 வெள்ளைச்சேட்டு

அக்கா, முதலில் பல். மருத்துவப் படிவத்தோடு பல் வைத்தியரின் படிவமும் உண்டு. சொத்தைப் பல்லை அடைக்காமல், முளைக்கப் பார்க்கிற ஞானப்பல்லைக் கவனிக்காமல் விட்டால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். அடைப்பதற்கும் பிடுங்குவதற்கும் இரண்டு மூன்று தடவை போகவேண்டி வரும், ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள். அடுத்தது கடவுச்சீட்டு. அழைப்பு வந்த பிறகு கடவுச்சீட்டுக்கு ஓடினால் விசா வேலை அவ்வளவும் பின்னுக்குப் போகும். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தகப்பன் பெயரின் ஒரு எழுத்து இங்கிலீசில் ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் மற்ற இடத்தில் வேறு மாதிரியும் இருப்பது எங்கள் ஆட்களுக்குச் சாதாரணம், அதைத் திருத்துவதற்குத்தான் நாள் பிடிக்கும்.

விண்ணப்பம் இணையத்தில். கிளைத் தலைவரின் (உள்ளூர்ச் சபைக்குப் பொறுப்பானவர்) நேர்முகம், அதற்கு மேலே உள்ள தலைவரின் நேர்முகம், பிறகு அது தலைமையகத்துக்குப் போகும். எங்கே போவது என்பதைப் பிள்ளை தெரிவுசெய்ய முடியாது. பயிற்சி நிலையத்தில் தெரிந்த மொழியென்றால் கிட்டத்தட்ட மூன்று கிழமை, புது மொழியென்றால் ஆறு முதல் ஒன்பது கிழமை.

காசு: அமெரிக்கா போன்ற நாடுகளில் குடும்பம் மாதம் 400 டொலர் கட்டியது, 2020 யூலையிலிருந்து 500. எங்கள் மாதிரி நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு இல்லை. குடும்பத்தால் இயன்றதைக் கொடுக்கிறது, மிச்சத்தைச் சபையின் பொது மிசனரி நிதி பார்க்கும். எவ்வளவு என்று கிளைத் தலைவரோடு வெளிப்படையாகக் கதையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டு வாடகையை மிசனே கட்டும். சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் மாதாமாதம் ஒரு தொகை வங்கி அட்டையில் விழும். அது இருபத்திரண்டாம் திகதி முடிந்துபோகிற தொகையாக இருக்கும், மகனுக்குக் கணக்கு எழுதத் தெரியாவிட்டால். சமைக்கத் தெரியாதவர் முதல் பத்து நாளில் கடைச் சாப்பாட்டிலேயே பாதியை முடித்துவிடுவார்.

ஆகவே போகமுதல் மூன்று மாதம் வீட்டுக் குசினியை அவரிடம் விடுங்கள். சோறு, பருப்பு, ஒரு மீன்குழம்பு, தேங்காய்ச் சம்பல், ரொட்டி, இந்த ஐந்தும் போதும். ஒரு சுண்டு அரிசி இரண்டு பேருக்கு ஒரு நேரத்துக்குக் காணும். இடியப்பம் அவிக்கப் பழக்கத் தேவையில்லை, விடியற்காலையில் அதற்கு நேரம் இராது, கடையில் வாங்கிச் சொதி மட்டும் வைக்கலாம்.

#4 கச்சான்காற்று

நேர அட்டவணை பற்றி. மே முதல் செப்டம்பர் வரை இங்கே கச்சான் (தென்மேல் காற்று) அடிக்கிற காலத்தில் பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் வீட்டு வாசலில் நிற்பது பலனில்லாத வேலை. வெயில் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த நேரத்தில் வீட்டில் ஆண்கள் இல்லை. கடலுக்குப் போய் வந்தவர் நித்திரை, மற்றவர் வேலையில். வீட்டில் பெண் மட்டும் இருந்தால் எல்டர்மார் உள்ளே போகக்கூடாது, இன்னொரு வளர்ந்த ஆண் அங்கே இருக்க வேண்டும். சிஸ்டர்மாருக்கும் இதே விதி மறுபக்கமாக. ஊர் வாயும் இருக்கிறது: ரையும் வெள்ளைச் சேட்டுமாய் இரண்டு பொடியன்கள் பகல் பன்னிரண்டுக்கு ஒரு வீட்டு விறாந்தையில் இருந்தால் பின்னேரத்துக்குள் முழு ஒழுங்கைக்கும் தெரியும், பாரம் அந்த அக்காவின் தலையில் விழும். படலையில் நின்றபடியே "அண்ணா எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்டு, நேரம் குறித்துக்கொண்டு திரும்புவதுதான் மரியாதை.

நல்ல நேரம் பின்னேரம் 4.30 முதல் 6, பிறகு 7 முதல் 8.30. நடுவில் ஒரு மணித்தியாலத்தை விட்டுவிட வேண்டும். அது வீட்டில் விளக்கு வைக்கிற நேரம், பள்ளிவாசலில் மஃரிப் தொழுகை நேரம். அந்த நேரம் படலையைத் தட்டுகிறவரை யாரும் விரும்ப மாட்டார்கள். பிள்ளைகளுக்கு ரியூசன் உள்ள நாட்களையும் கேட்டு வையுங்கள். ஓ.எல். பரீட்சை எடுக்கிற பிள்ளை உள்ள வீட்டில் பரீட்சை நெருங்கினால் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

பகலில் மொழிப் படிப்பு, தொலைபேசி, சமையல், சேவை வேலை. அட்டவணையை இப்படி நகர்த்த மிசன் தலைவரிடம் முதலிலேயே அனுமதி வாங்க வேண்டும். தாங்களாக மாற்றினால் அது சோம்பலாகத்தான் போய் முடியும்.

#5 மணற்கரை

வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு இதைவிட முக்கியம் மொழி. சந்தையில் தமிழ், பஸ் நிலையத்தில் சிங்களமும் தமிழும், கிண்ணியாப் பக்கம் போனால் கேட்கிற தமிழ் வேறு மாதிரி. புத்தகத் தமிழில் பாடம் சொல்லலாம், ஆனால் "நீங்கள் நலமா" என்று கேட்டால் பிள்ளைகள் விலகி நிற்கும். "சாப்பிட்டீங்களா?", "இருங்க", "போயிட்டு வாறம்" மூன்றையும் முதல் கிழமையிலேயே வாயில் ஏற்ற வேண்டும். "போறம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பக்கூடாது, எங்கள் வீடுகளில் அது அபசகுனம்.

#6 தேத்தண்ணிக்கடை

தேத்தண்ணிப் பிரச்சினையை யாரும் தொடவில்லையே. ஞான வார்த்தை என்கிற கட்டளைப்படி மது, புகையிலை, கோப்பி, தேயிலை நான்கும் இல்லை. கட்டளை தடுப்பது தேயிலைச் செடியிலிருந்து வருவதை, அதனால் பிளேன்ரீ, பால்ரீ, பச்சைத் தேயிலை எல்லாம் அடங்கும். எங்கள் ஊரிலோ வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட்டால் அவமரியாதை, கொடுத்ததைக் குடிக்காவிட்டால் அதைவிடப் பெரிய அவமரியாதை. சாதி பார்த்துத் தண்ணீர் வாங்காத காலத்தை வயதானவர்கள் மறக்கவில்லை. அந்த நினைப்பு வந்துவிட்டால் அந்த வீட்டுக் கதவு பிறகு திறக்காது.

மறுக்கிற முறை முக்கியம். தேத்தண்ணி மேசைக்கு வந்த பிறகு மறுத்தால் பிந்திவிட்டது. கேத்தில் அடுப்பில் ஏறமுதல், உள்ளே வந்து இருந்தவுடனே, வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவீங்களா?" தாமாகக் கேட்டு வாங்கிக் குடித்தால் அந்த வீட்டுக் கையால் வாங்கிய மரியாதை நிறைவேறிவிடும். தேத்தண்ணி போட எழும்பினால், "நாங்க தேயிலை குடிக்கிறதில்ல, நேர்த்தி மாதிரி. கொத்தமல்லி இருந்தால் நல்லம்." நேர்த்தி என்ற சொல் எல்லோருக்கும் விளங்கும். கொத்தமல்லி இஞ்சித் தண்ணி, ரணவரா, பெலிப்பூ, தேசிக்காய்த் தண்ணி, இளநீர் எல்லாம் குடிக்கலாம்.

#7 உப்புக்காற்று

வாங்கிக் கையில் வைத்திருந்து, குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு வரலாம்தானே? சண்டை இல்லாமல் போகும்.

#8 தேத்தண்ணிக்கடை

தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். சீனியும் பால்மாவும் விற்கிற விலையில், வந்தவருக்கென்று பால் போட்டு ஊற்றியதை ஆறவிட்டு வருவது அந்த வீட்டுக்குச் செய்கிற அநியாயம். முதல் தடவையே நேராகச் சொன்னால் இரண்டாம் தடவை அவர்களே கொத்தமல்லி அவித்து வைத்திருப்பார்கள்.

#9 இரட்டைச்சக்கரம்

சைக்கிள். மிசனரிமாருக்கு மோட்டார் சைக்கிள் ஓட அனுமதி இல்லை. மிச்சம் நடை, பஸ், ஓட்டோ, சைக்கிள். சைக்கிளுக்குத் தலைக்கவசம் கட்டாயம், இங்கே சைக்கிள்காரர் யாரும் போடாவிட்டாலும்.

கடல் உப்பு சங்கிலியைத்தான் முதலில் பிடிக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடுகிற சைக்கிளுக்குக் கிழமைக்கு ஒருமுறை: பழைய துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்துச் சங்கிலியைத் துடைத்து, காயவிட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒவ்வொரு பூட்டிலும் ஒரு துளி, மேலதிகத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் மணல் ஒட்டிப் பல்லுச் சக்கரத்தைத் தின்னும், காற்சட்டைக் காலும் கறுக்கும். வலது காலை மடித்துக் கட்ட ஒரு இலாஸ்டிக் பட்டி. மணல் ஒழுங்கையில் சறுக்கினால் பிரேக்கை அமத்தாமல் இறங்கி உருட்டுங்கள்.

இரவில் முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு விளக்கு. ரவுணுக்குள்ளும் கோட்டைப் பக்கமும் இரவில் புள்ளிமான் கூட்டம் றோட்டில் நிற்கும். வெளிச்சம் பட்டவுடன் ஒன்று குறுக்கே பாய்ந்தால் பின்னால் இரண்டு மூன்று வரும், முதல் மான் போய்விட்டது என்று மிதிக்கக்கூடாது. கட்டாக்காலி மாடுகள் தாரில் படுத்திருக்கும், அதுவும் மழைக்காலத்தில், தார் காய்ந்து சூடாக இருப்பதால். இரவு எட்டரைக்குப் பிறகு கன்னியா, நிலாவெளி போன்ற தூர இடத்தில் பாடம் வைக்காதீர்கள். ஒன்பது மணி விதியைப் பிடிக்க அவசரமாய் மிதிக்கிறபோதுதான் விழுவார்கள்.

#10 ஆலடிச்சந்தி

துணை என்கிறீர்களே, 24 மணித்தியாலமும் ஒரே ஆளோடா? சண்டை வந்தால்?

#11 வெள்ளைச்சேட்டு

கழிவறைக்கும் குளியலறைக்கும் தவிர எப்போதும் ஒருவர் பார்வையில் மற்றவர் இருக்க வேண்டும், அக்கா. ஒரே அறையில் படுக்கை, வேறு வேறு கட்டில். சண்டை வரும், வராத துணை இல்லை. ஆனால் வேதத்தைப் பற்றி வருவது மிகக் குறைவு. வருவதெல்லாம் மின்விசிறியின் வேகம், கழுவாத சட்டி, குளிக்க எடுக்கிற நேரம், போனில் யார் கதைப்பது, சாப்பாட்டில் உறைப்பு இவற்றைப் பற்றித்தான்.

இதற்கென்றே கிழமைத் திட்டமிடலின் கடைசியில் ஒரு பகுதி உண்டு. இருவரும் நேருக்கு நேர் இருந்து, முதலில் மற்றவர் நல்லாய்ச் செய்தது, பிறகு தன்னால் மாற்றக்கூடியது, பிறகு கேட்க வேண்டியது. இதைத் தவிர்க்கிற சோடிதான் மூன்றாம் கிழமையில் பேச்சை நிறுத்தும். ஒரே நாளில் பத்துக் குறையைக் கொட்டினால் அது நியாயசபை ஆகிவிடும், கிழமைக்கு ஒன்று போதும். பெரும்பாலும் ஆறு கிழமைக்கு ஒருமுறை இடமாற்றம் பார்ப்பார்கள். சோடி மாறலாம், மாறாமலும் இருக்கலாம். ஆறு கிழமைதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் அது பன்னிரண்டாகும்.

வீட்டு ஏக்கமும் வரும். 2019 பெப்ரவரி வரை வீட்டோடு கதைப்பது வருடத்துக்கு இரண்டு தடவைதான், நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது ஒவ்வொரு கிழமையும் ஆயத்த நாளில் (சொந்த வேலைகளுக்கு விடுகிற நாள்) வீடியோவில் கதைக்கலாம். இதில் தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுக் கடனையும் அயல் சண்டையையும் அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். அவரால் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது, மூன்று நாள் நித்திரை போகும். சபையின் கைநூலில் மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். மகனிடம் "சுகமா?" என்று கேட்டால் "சுகம்" என்பார். "என்ன நிறம்?" என்று கேளுங்கள். சிவப்பு என்றால் தயங்காமல் மிசன் தலைவரிடம் சொல்லச் சொல்லுங்கள். நோயாலோ மனப்பாரத்தாலோ முன்னமே திரும்பி வருகிற பிள்ளையை ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

#12 நீலவாளி

ஆயத்த நாள், உடுப்பு. கிழமையில் ஒரு நாள், காலை தொடங்கிப் பின்னேரம் 6 வரை: உடுப்புத் தோய்ப்பு, சந்தை, தலைமயிர் வெட்டு, வீடு கூட்டுதல், வீட்டோடு கதை.

வெள்ளைச் சேட்டு ஆறு வேண்டும், பருத்தி கூடிய கலப்புத் துணி. முழுப் பொலியெஸ்டர் வியர்வையை வைத்துக்கொண்டு மணக்கும், முழுப் பருத்தி மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கும் காயாது. கொலர் மஞ்சளாவது வியர்வையும் தூசியும் சேர்ந்து. அதற்கு வெளிற்றும் திரவம் ஊற்றினால் இன்னும் மஞ்சளாகும், துணியும் நையும். கழற்றிய அன்றிரவே கொலரையும் கமுக்கட்டையும் நனைத்துச் சவர்க்காரக் கட்டி தேய்த்து, மென்மையான தூரிகையால் இரண்டு தேய்ப்பு, அரை மணித்தியாலம் ஊறவைத்து அலசினால் கிழமை முடிவில் மினக்கெடத் தேவையில்லை. சில கரையோரக் கிணறுகளில் தண்ணீர் உவர், சவர்க்காரம் நுரைக்காது. அப்படியான இடத்தில் கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் இரண்டு வாளி ஒதுக்குங்கள். எங்கள் சபையின் ஆலயத்துக்குப் போய்வந்தவர் புனிதமாக அணிகிற உள்ளாடையைத் தெருவுக்குத் தெரிகிற கொடியில் போடுவதில்லை, அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே கொடி கட்ட வேண்டும்.

சப்பாத்து: கயிறு கட்டுகிற வகை வேண்டாம். நாளுக்குப் பத்து வீட்டு வாசலில் கழற்றி மாட்ட வேண்டும், குனிந்து கட்டுகிறவரை வீட்டார் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலுறை ஓட்டையில்லாமல் எட்டுச் சோடி. நடுப்பகலில் ஒருமுறை மாற்றினால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வராது.

இங்கே புதிதாய் வருகிறவருக்கு மிகவும் மனவருத்தம் கொடுக்கிற விதி: கடலில் இறங்கக்கூடாது. நீச்சல் மிசனரிமாருக்குத் தடை. நிலாவெளிக் கரையில் நடக்கலாம், புறாத்தீவுக்குப் படகெடுத்து முத்துக்குளிப்பது போல் மூழ்கிப் பார்ப்பது கிடையாது. முழங்கால் அளவு என்று தொடங்கி ஆளைக் கொண்டுபோகிற நீரோட்டம் வாடைக் காலத்தில் இங்கே உண்டு, விதிக்கு நியாயம் இருக்கிறது.

#13 உப்புக்காற்று

கன்னியா வெந்நீர்க் கிணறு? அது நீச்சல் இல்லையே, ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளித்தானே வார்க்கிறோம்.

#14 நீலவாளி

நீச்சல் இல்லை என்பது சரி. ஆனாலும் தலைவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். எங்கள் சைவச் சனம் இறந்தவருக்குக் கடன் கழிக்கிற இடமும் அதுதான் என்பதை மறக்கக்கூடாது. கழுத்தளவு துக்கத்தோடு ஒரு குடும்பம் நிற்கிற இடத்தில் சிரித்துப் படம் பிடிக்கக்கூடாது, சபையை அறிமுகப்படுத்துகிற அட்டை கொடுக்கவே கூடாது. கோணேசர் கோயிலுக்கும் அதே ஒழுங்கு. சப்பாத்தைக் கழற்றி, அமைதியாய்ப் பார்த்து, திரும்ப வேண்டும்.

#15 குறுக்குவீதி

சட்டம் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் இதில் விளையாட முடியாது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. மதத்தை வழிபாட்டிலும் போதனையிலும் வெளிப்படுத்துகிற உரிமை 14(1)(உ)இல், அது பிரஜைகளுக்கு. 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. மதத்தைப் பரப்புவது அரசியலமைப்பு உத்தரவாதம் கொடுத்த உரிமை அல்ல என்று 2003இல் உயர் நீதிமன்றம் ஒரு கத்தோலிக்க கன்னியர் சபையின் வழக்கில் சொன்னது. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்றும் வந்தது, நிறைவேறவில்லை. ஆகவே வீடு வீடாய்த் தட்டுகிற முறை இங்கே பொருந்தாது. தெரிந்தவர் அறிமுகப்படுத்த, வீட்டார் அழைக்க, அப்போதுதான் போவது. சுற்றுலா விசாவில் வந்து போதிக்கக்கூடாது. உலர் உணவுப் பொதி கொடுக்கிற கையால் அட்டை கொடுக்கக்கூடாது, சுனாமியும் போரும் பார்த்த சனத்திடம் இது பெரிய குற்றம். 18 வயதுக்குட்பட்டவருக்குத் தாய் தகப்பன் சம்மதம் இல்லாமல் ஞானஸ்நானம் இல்லை.

#16 கச்சான்காற்று

காய்ச்சல். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மழை, அதோடு நுளம்பு. 2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். டெங்கு நுளம்பு காலையும் பின்னேரமும் கடிக்கும், ஆகவே இரவு வலை மட்டும் காணாது. காலை வாசிப்பு நேரத்தில் மேசைக்குக் கீழே காலில் நுளம்புக் களிம்பு பூசுங்கள், வாளியைக் கவிழ்த்து வையுங்கள், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டைக் கிழமைக்கு ஒருமுறை ஊற்றுங்கள்.

காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரினும் இபுபுறோபனும் இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் இரண்டு நாளைக்கு மேல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டவுடன் சுகம் என்று சைக்கிளில் ஏறுவதுதான் பெரிய ஆபத்து. விட்ட அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் வயிற்று வலி, வாந்தி, கைகால் குளிர்வது வரும், அப்போது உடனே ஆஸ்பத்திரி. துணை சும்மா பக்கத்தில் இருக்கக்கூடாது, எத்தனை தடவை சிறுநீர் போனார், எவ்வளவு குடித்தார் என்று நேரம் போட்டு எழுத வேண்டும். டொக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

வெயில் காலத்தில் ஆளுக்கு இரண்டு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், பையில் இரண்டு பைக்கற் ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல் தூள்). ஒரு பைக்கற்றை ஒரு லீற்றரில் கரைக்க வேண்டும். அரை லீற்றரில் கரைத்தால் உப்புக் கூடிப் பிரட்டும்.

#17 ஆலடிச்சந்தி

ஞாயிற்றுக்கிழமை? ஆட்கள் குறைந்த இடத்தில் ஆராதனை எப்படி?

#18 மணற்கரை

2019 ஜனவரியிலிருந்து ஞாயிறு ஆராதனை இரண்டு மணித்தியாலம். கட்டடம் இல்லாத இடத்தில் தலைவரின் அனுமதியோடு வீட்டு மண்டபத்திலேயே திருவிருந்து நடத்தலாம். பாணும் தண்ணீரும்தான், திராட்சை ரசம் இல்லை. வெள்ளைத் துணி இரண்டு, ஒரு தட்டு, சிறிய கோப்பைகள். பாணை அன்று காலையில் வாங்குங்கள், முதல் நாள் பாண் பிட்கும்போது உதிரும். ஜெபத்தைச் சொல்லுக்குச் சொல் பிழையில்லாமல் சொல்ல வேண்டும், பிழைத்தால் திரும்பச் சொல்ல வேண்டும். ஆகவே தமிழ் அட்டையைச் சனி இரவே சத்தமாய் வாசித்துப் பாருங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம், இரண்டு நேரச் சாப்பாடு விடுவது. கச்சான் வெயிலில் அன்று சைக்கிள் தூரம் வைக்காதீர்கள். முறிக்கும்போது முதலில் கஞ்சி, அரை மணித்தியாலம் கழித்துச் சோறு.

#19 நீலவாளி

சிஸ்டர்மாருக்கு ஒன்று எழுத மறந்துவிட்டேன். 2018 டிசம்பரிலிருந்து காற்சட்டையும் அணியலாம். ஆனால் எங்கள் வீடுகளில் பாயில் சம்மணம் கட்டி இருக்க வேண்டி வரும். கணுக்கால் வரைக்குமான, விரிந்த பாவாடைதான் வசதி. குடையும் ஆளுக்கொன்று, வெயிலுக்கும் மழைக்கும் அதே குடை போதும்.